சுவரின் மீதிப் பாதி

எங்கள் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் வாசகங்கள் எழுதிய பெயின்டரை எல்லோரும் 'நூலு' என்றே கூப்பிட்டார்கள். சுண்ணாம்புத் தூள் தடவிய நூலைச் சுவரில் இழுத்துத் தட்டி, கோடு விழுந்த பிறகே தூரிகையைத் தொடுவார். "வீட்டுல தட்டு வைக்கக்கூட நூல் பிடிப்பாரு" என்பார் அவர் மனைவி. அந்த அம்மாளுக்கு எங்கள் சலவைக்கூடத்தில் வேலை.

வாசகங்கள் ஓர் ஆங்கில நாவலாசிரியருடையவை. வாழ்க்கையைப் பற்றியும் மனித சுபாவத்தைப் பற்றியும் அவர் எழுதியவற்றை எங்கள் தலைமை மருத்துவரம்மா பொறுக்கியெடுத்துத் தமிழில் தருவார். காத்திருப்போர் கூடத்துக்குத் தந்தது இது: 'நாம் நேசித்தவர்களிடம் ஒருநாள் திரும்பி வருகிறோம்; வந்து பார்த்தால் நம் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்.' முதல் பாதி முடிந்த இடத்தில் மின்பெட்டி குறுக்கிட்டது. கீழே ஜன்னல்கள், இரண்டாம் வரிக்கும் இடமில்லை. எழுத்தைச் சிறிதாக்கலாம் என்றார் நூலு. வயதானவர்களுக்குத் தெரியாது என்று மருத்துவரம்மா மறுத்தார். பெட்டியை மாற்றும்போது மீதியை எழுதிக்கொள்வதென்று முடிவாயிற்று. அந்த எழுத்து நீலம் என்று சிலர் சொல்கிறார்கள். கரும்பச்சை.

அடுத்த ஆண்டு நூலுவின் மகன் வீட்டை விட்டுப் போனான். அப்பாவோடு தொழில் செய்தவன். ஒரு கடைப் பலகையில் அவன் எழுதிய எழுத்து சற்றே சாய்ந்திருந்தது. கடைக்காரர் நன்றாயிருக்கிறது என்றுதான் சொன்னார். நூலு அவர் கண்முன்னாலேயே, ஈரம் காயாத எழுத்தைத் துணியால் துடைத்தார். மகன் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுப் போனவன்தான்.

அதன்பின் நூலுவின் மனைவி மதியச் சாப்பாட்டை அந்த வரிக்குக் கீழேயுள்ள பெஞ்சில்தான் சாப்பிட்டார். நூலு வேலையாக வரும்போது பார்த்துவிட்டுப் போவார்.

ஏழாம் ஆண்டு மின்பெட்டி இடம் மாறியது. மீதியை எழுதச் சொன்னார்கள். சுவர் ஈரமாயிருக்கிறது என்று நூலு இரண்டு முறை தள்ளிப்போட்டார். ஈரம் இல்லை, நான் தொட்டுப் பார்த்தேன். பிறகு, இவ்வளவே போதாதா என்று மருத்துவரம்மாவிடம் கேட்டுப் பார்த்தார். எழுதினவர் முழுசாகத்தானே எழுதினார் என்று பதில் வந்தது.

மறுநாள் மதியம் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு மனைவியிடம் வந்தார்.

"நீ இன்னிக்கு உள்ளயே சாப்பிடேன்."

"மீதி எனக்குத் தெரியும். அவன் போனப்பவே டாக்டரம்மாவைக் கேட்டுட்டேன்."

"தெரிஞ்சுமா இங்க உக்காந்திருந்தே?"

"நம்ம வீட்டுல அவன் இடத்துல யாரும் உக்காரலையே." அந்த அம்மாள் சாப்பாட்டு டப்பாவை மூடினார். "உங்க பெயின்ட் டப்பாதான் அவன் கட்டில் நெறைய உக்காந்திருக்கு. எத்தனை தடவை சொல்றது?"

நூலு ஏணியில் ஏறினார், நூல் பிடித்தார், எழுதி முடித்தார். இரு பாதிக்கும் மயிரிழை வேறுபாடு இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டிலிருந்த பெயின்ட் டப்பாக்களையெல்லாம் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து, என் பொறுப்பிலுள்ள மருத்துவமனைக் கிடங்கில் வைக்க இடம் கேட்டார். வெளியார் பொருளை அங்கே வைக்கக்கூடாது. விதிவிலக்கு என்று எழுதி ஒரு மூலையை ஒதுக்கினேன். வேலை உள்ள நாட்களில் காலையில் வந்து எடுத்துப்போவார், மாலையில் கொண்டுவந்து வைப்பார். அவர் வீடு ஊரின் எதிர்முனையில் இருந்தது.