வாசப்படி தாண்டாத பூனை

எங்கள் முதல் பூனை டவுன் பஸ்ஸில் அடிபட்டுச் செத்த பிறகு, இரண்டாவதை வாசல் தாண்ட விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். நானும் கணவரும் திண்டுக்கல்லில் ஆசிரியர்கள். காலையில் பூனைக்குப் பால்சோறு வைத்து, ஜன்னல்களைச் சாத்தி, கதவைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புவோம். சாயங்காலம் வந்து திறந்தால் கட்டிலில் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருக்கும். அதன் ஒழுக்கத்தைப் பற்றி மற்ற டீச்சர்களிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

ஒருநாள் தலைவலி என்று மதியமே திரும்பினேன். பூனை இல்லை. குளியலறை வெண்டிலேட்டரில் அதன் முடி ஒட்டியிருந்தது. பதறிப்போய்த் தேடினேன். பின்தெருவில், பிரியாணிக் கடைக்காரர் வீட்டுக்குள், அது காலை நீட்டிப் படுத்திருந்தது.

“எங்க பூனைதான் டீச்சர்,” என்றார் அந்த வீட்டம்மா. “நாய் கடிச்சிரும்னு நான் வாசப்படி தாண்ட விடுறதே இல்ல. சாயங்காலமானா மட்டும் எங்கிட்டோ போயிருது.”

எங்கே போகிறது என்பதைச் சொன்னேன். அவர், “நீங்க அதுக்கு என்ன வைப்பீங்க?” என்று கேட்டார்.

“பால்சோறு.”

“அம்புட்டுதானா?” என்று பூனையைப் பரிதாபமாகப் பார்த்தார்.

வெண்டிலேட்டரை அடைக்க மறுநாள் கணவர் கம்பிவலை வாங்கி வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.