பேசியவர்கள் பட்டியல்

நாலாம் வகுப்பில் நான்தான் லீடர். மிஸ் வெளியே போனால், பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது என் வேலை. சாக்பீஸ் கையில் இருக்கும்வரை, பெங்களூரில் நாங்கள் இருந்த தொம்மலூரே எனக்குக் கீழே என்ற நினைப்பு. வீட்டுக் காலண்டரில் தம்பி பெயரை எழுதி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அந்த வருஷம் என் வகுப்பு நிர்மலாவின் அம்மா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து அவள் பள்ளிக்கு வருவதற்கு முதல் நாள், மிஸ் எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் கன்னடக்காரர். எங்களில் பாதிப் பேர் தமிழ் என்பதால் இரண்டையும் கலந்துதான் பேசுவார். “நாளைக்கு நிர்மலா வரா. அவ அம்மா பத்தி யாரும் வாயத் தெறக்கக் கூடாது. பாவம், அழுதுடுவா. அர்த்த ஆய்த்தா, புரிஞ்சுதா?” என்றவர் என் பக்கம் திரும்பி, “லீடர், நீ பாத்துக்கோ” என்றார். மிஸ் நல்லவர். அவருக்கும் வேறு வழி தெரிந்திருக்காது.

நிர்மலா வந்தாள். அவள் அப்பா பின்னிவிட்ட ரெட்டை ஜடை, ஒன்று மேலே, ஒன்று கீழே. நாங்கள் நாற்பது பேரும் அவளிடம் பேசவே இல்லை. எதைப் பேசினாலும் அம்மாவில் போய் முடிந்துவிடுமோ என்று பயம். டிபன் பாக்ஸில் என்ன என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மிஸ் ஆபீஸ் ரூமுக்குப் போயிருந்தார். நிர்மலாவின் ரிப்பன் அவிழ்ந்து விழுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம், “எங்கம்மா பின்னுனா சாயங்காலம் வரைக்கும் அவுராது, தெரியுமா?” என்றாள். அந்தப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். வகுப்பே என்னைப் பார்த்தது. சட்டம் எல்லோருக்கும் பொதுதானே? எழுந்து போய், முத்து முத்தான எழுத்தில் ‘நிர்மலா’ என்று போர்டில் எழுதினேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மிஸ் திரும்பி வந்து, “இவ என்ன பேசினா?” என்று கேட்டார்.

“அவங்க அம்மா பத்தி மிஸ்” என்றேன்.

மிஸ் புடவைத் தலைப்பாலேயே பெயரை அழித்தார். நேரே போய் நிர்மலா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, “என்னம்மா சொல்லிட்டிருந்தே? எங்கிட்ட சொல்லு” என்றார்.

நிர்மலா எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். “ஒண்ணும் இல்ல மிஸ். இனிமே பேச மாட்டேன். ஸாரி மிஸ்.”

அவள் அழவில்லை. மிஸ்தான் அழுதார். தப்புச் செய்தவளே ஸாரி சொல்லிவிட்ட பிறகு இவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.