டிராகன் வருஷத்துப் பிள்ளை

எங்கள் சியாயி ஊர்ச் சந்தையில் மீன் உருண்டை விற்கும் பெய்-ஜெனுக்குச் சீனப் புத்தாண்டு கழிந்துதான் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படிப் பிறந்தால் பிள்ளை பாம்பு வருஷம். மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. அதிர்ஷ்டமான டிராகன் வருஷம் முடிவதற்குள் பேரன் கைக்கு வந்தாக வேண்டும். ஜோசியரிடம் போய் நாளும் நேரமும் குறித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"வலி வராம முன்கூட்டியே எடுத்தா நுரையீரல்ல இருக்கிற தண்ணி சரியா வத்தாது. குழந்தை மூச்சுக்குத் திணறலாம்," என்றார் டாக்டர். "ஆனா, நீங்க பிடிவாதமா கேட்டா செய்யலாம்."

மாமியார் பிடிவாதமாகக் கேட்டாள். கணவன் ஜுன்-ஹொங் வழக்கம்போல் அம்மா முகத்தைப் பார்த்தான். ஒண்டியாக எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? பெய்-ஜெனும் தலையாட்டினாள்.

குறித்த நேரத்தில் வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பிள்ளை அழுதான், பிறகு முனகத் தொடங்கினான். ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கு விடைத்தது, விலாவுக்கடியில் குழி விழுந்தது. அவள் தொட்டுப் பார்க்குமுன் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் தையலைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். மூக்கில் குழாயோடு இரைத்துக்கொண்டு கிடந்தான். அறைக்குத் திரும்பினால், மாமியார் பிள்ளை பெற்றவளுக்கான நல்லெண்ணெய்க் கோழிக் குழம்போடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் கணவன்.

"சாப்பிடும்மா. டிராகனைப் பெத்தவ நீ. தெருவே வயிறெரியுது."

"அத்தை, அவனைப் போய்ப் பாத்தீங்களா?"

"டாக்டர் பாத்துக்குவார். நல்ல நேரத்துல பொறந்தவன்..."

"நல்ல நேரமா? என் புள்ளைக்கு மூச்சு விட முடியல! உங்க ஜோசியர் வந்து மூச்சு விடுவாரா அவனுக்குப் பதிலா?"

பாத்திரத்தைத் தள்ளிவிட்டாள். குழம்பு தரையெங்கும் ஓடியது. அதைத் துடைக்கக் குனிந்த கணவனைப் பார்த்தாள். "அன்னிக்கு உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

உள்ளே வந்த டாக்டரையும் விடவில்லை. "தெரிஞ்சும் எதுக்கு சார் கத்தியை எடுத்தீங்க?"

"உங்க வீட்டுல கேட்டாங்களே..."

"கேட்டதும் எடுத்துக் குடுக்க என் வயிறு என்ன கடையா?"

டாக்டர் வந்த வழியே திரும்பினார்.

சில நாளில் நுரையீரல் தெளிந்தது. குழாயை எடுத்தார்கள், பிள்ளை பால் குடித்தான். அவள் கோபம் தணியவில்லை.

பிள்ளைக்கு மாதம் நிறைந்த விருந்தில் மாமியார் வழக்கப்படி சிவப்புச் சாயமிட்ட முட்டை கொடுத்தபடி, "எங்க வீட்டு டிராகன்!" என்று பீற்றிக்கொண்டாள். பெய்-ஜென் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"பாம்பாப் பொறக்க வேண்டியவன். அவசரப்பட்டுப் புடுங்கினாங்க. செத்துப் பொழச்சான்."

"சபையில இப்படியா பேசுவே?" என்றாள் மாமியார்.

"அவ சொல்றது நிஜம்தாம்மா," என்றான் ஜுன்-ஹொங்.

மாமியார் அடுக்களைக்குள் போனாள். விருந்தாளிகள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.