ஊரில் சாவு இல்லை

நாட்குறிப்பு எழுதுவது எனக்கு முப்பது வருடப் பழக்கம். சேரப்பணஞ்சேரிப் பக்கத்தில் ஏரி உடைந்த நாளோ, கம்பெனிக்கு நிலம் அளந்த நாளோ, சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். 2021 மே ஊரடங்குக்கு ஒரு வருடம் ஆகப்போகும் சமயம், தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு பெண் அப்படி வந்தாள்.

அவளுடைய அண்ணன் எங்கள் தெருக்கோடி லைன் வீட்டில் குடியிருந்தவன். ஒரகடத்தில் ஒப்பந்த வேலை. கூட இருந்தவர்கள் ஊரடங்குக்கு முன்பே ஊருக்குப் போய்விட, காய்ச்சலில் தனியாக அறைக்குள்ளேயே இறந்துபோனான். வியாழக்கிழமைதான் கதவை உடைத்தார்கள்.

"சர்டிபிகேட்ல வியாழன் போட்டிருக்காவ அண்ணாச்சி. ஆனா அதுக்கு முன்னாலயே உயிரு போயிட்டுன்னு சொல்லுதாவ. வருசத் திதி வருது. நாளு தெரியாம எப்படிக் குடுக்க?"

அவளை அழைத்து வந்த லைன் வீட்டுக்காரர், "இவராண்ட இருக்கும்மா. ஊர்ல கோழி முட்டை போட்டாக்கூட எழுதிக்கினு இருப்பாரு" என்றார்.

நோட்டைப் பிரித்தேன். செவ்வாய், புதன், வியாழன். வெயில், பால் வண்டி வந்த நேரம், எல்லாம் இருந்தது. மூன்று நாளும் ஒரே வரியில் முடிந்திருந்தது: ஊரில் சாவு இல்லை.

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. கதவை உடைத்த அன்றும் எல்லா வீட்டிலும் எரிந்தது. என் வீட்டிலும்.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வாசித்தேன்.

"அப்ப எங்கண்ணன் எந்த ஊர்ல செத்தான்?"

கோபமாகக் கேட்கவில்லை. வீட்டுக்காரர் செருப்பைத் தேடினார்.

ஐரோப்பாவில் கொள்ளைநோய்க்குப் பிறகு வயலில் இறங்க ஆளில்லாமல் பிரபுக்கள் கூலிக்காரனிடம் இறங்கி வந்த கதையை டீக்கடையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பேரழிவு சமூகத்தையே புரட்டிப் போடும் என்பேன். எங்கள் ஊரோ நோய் வருவதற்கு வெகுகாலம் முன்பே புரண்டிருந்தது. வயல் இருந்த இடமெல்லாம் லைன் வீடுகள். நான் 'ஊர்' என்று எழுதும்போது மட்டும் அவை அதற்குள் வரவில்லை. பழைய தேவாலயப் பதிவேடுகளில், இறந்த சிலருக்குப் பெயர் இல்லாமல் 'அந்நியன்' என்று மட்டும் இருக்குமாம். படித்து வருத்தப்பட்டிருக்கிறேன். என் நோட்டில் அந்தச் சொல்கூட இல்லை.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "செவ்வாய் சாயங்காலம் கொழாயடில குடத்த வெச்சுட்டுப் போச்சு அந்தப் புள்ள. புதன் காலைல தண்ணி வந்தப்ப வரல. நான்தான் குடத்த ஓரமா நவுத்தி வெச்சேன்."

அந்தப் பெண் விரல்விட்டு நாளை எண்ணினாள்.

"செவ்வாய்னு குடுத்தா ஒருநாள் முன்னாலயே அவனக் கொன்ன மாதிரி இருக்கும். புதனே இருக்கட்டும் அண்ணாச்சி."

அந்தப் புதனுக்கு என்ன திதி என்று பஞ்சாங்கம் பார்த்து எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்துக்கொண்டே, "நீங்க அந்தப் பக்கம் போகவே இல்லையா?" என்றாள்.

புதன் காலை அவன் அறையைத் தாண்டித்தான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். அது நோட்டில் இருந்தது, போன நேரத்தோடு.