ஆவணக்காவின் நாற்காலி

கோப்புக் கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே ஆவணக்கா இரண்டு தும்மலைப் போட்டுவிடுகிறார். தூசி கிளம்பிய பிறகு தும்மினால் கையிலிருக்கும் பழைய காகிதம் பொடியாகிவிடும் என்பதால் இந்த முன்னேற்பாடு. "எப்படியும் வரப்போற தும்மல். நம்ம சௌகரியத்துக்கு வரவெச்சுக்கணும்" என்பார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்குவதுபோல் ஒரு சீட்டை எடுப்பார். மறைந்த தலைவரின் சலவைச் சீட்டு. "எட்டு சட்டை போட்டிருக்காரு, ஏழுதான் திரும்பி வந்திருக்கு. இதையும் பத்திரமா வைக்கச் சொல்லி உத்தரவு."

அரசு அருங்காட்சியகமும் நினைவு போற்றும் துறையும் ஒரே கட்டடம். துறைக்கு வேலை இரண்டு. நடந்ததைப் பாதுகாப்பது ஒன்று. விழாவுக்கு வேண்டியது எப்போதாவது நடந்திருக்கிறதா என்று தேடித் தருவது இன்னொன்று. அவசரக் கடிதங்கள் எல்லாம் இரண்டாவதற்குத்தான் வரும். மேல்மாடியில் பளிங்குத் தரை, குளிர்சாதனம். ஆவணங்கள் இருப்பது நிலவறையில். அங்கே மழைக்காலத்தில் தேசத்தின் வரலாற்றுக்கும் மேலிருந்து ஒழுகும் குழாய்க்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிற்கிறது. ஆவணக்கா என்பது தேநீர் கொண்டுவருபவர் வைத்த பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் நலமாக இருக்கிறது.

அரசு அவருக்குக் கொடுத்த நாற்காலியில் மூன்று கால்கள்தான் பணியில் இருந்தன. நான்காவது, சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பில் போய்விடும். புது நாற்காலி கேட்டு எழுதினார். 'தேவையின் பின்னணியை விளக்கவும்' என்று பதில் வந்தது. பின்னணி வலித்ததே தவிர, விளக்க வரவில்லை. ஆகவே வீட்டிலிருந்து அப்பாவின் கைவைத்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். அப்பா தபால்காரர். தெருத்தெருவாக நடந்த கால்களை மாலையில் அதில் உட்கார்ந்துதான் நீட்டுவார். அவர் போன பிறகு மகளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். "ஆபீசுக்குள்ள போன பொருள் திரும்பி வந்து பாத்திருக்கியா நீ?" என்று கணவர் அன்றைக்கே கேட்டார். பள்ளி விடுமுறைகளில் ஆவணக்காவின் மகள் அங்கே வந்து அதில் உட்கார்ந்து, காம்பஸ் முனையால் வலது கைப்பிடியைக் கீறிக் கீறிப் பொழுதைப் போக்கினாள்.

போன வருடம் 'தலைவரின் படிப்பறை' திறப்பு விழா. மேசை வந்துவிட்டது, மைக்கூடு வந்துவிட்டது. நாற்காலியை மட்டும் கரையான் முந்திக்கொண்டது. அமைச்சர் வருகிற அன்று காலையில் இயக்குநர் நிலவறைக்கு இறங்கி வந்தார். அவர் பதவிக்கு வந்தபின் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. பதறிப் போய், எங்கே தீப்பிடித்தது என்று கேட்க வாயெடுத்தார் ஆவணக்கா.

"கொஞ்சம் எழுந்திரிங்கம்மா."

எழுந்தார். நாற்காலி போய்விட்டது.

"ரெண்டே நாள்தாம்மா. அமைச்சர் பாத்துட்டுப் போனதும் தந்துடறோம்."

அமைச்சர் வந்தார். நாற்காலிக்கு முன் நின்றார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம். அதற்குப் பிறகு அது கீழே இறங்குமா? சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டிவிட்டார்கள்.

"காட்சிப் பொருளை வெளியில எடுக்கணும்னா அரசாணை வேணும்மா" என்றார் இயக்குநர்.

"உள்ள கொண்டுபோறப்போ என்ன ஆணை சார் இருந்துச்சு?"

"அது அவசரம்மா."

ஆவணக்கா மறுபடியும் மூன்று கால் நாற்காலிக்குத் திரும்பினார். நான்காவது காலுக்குத் துறையின் ஆண்டறிக்கைகளை முட்டுக் கொடுத்திருக்கிறார். அவை தாங்கிப் பிடித்த முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். மேலே, வழிகாட்டி பார்வையாளர்களுக்குக் கைப்பிடியைக் காட்டுகிறார்: "நாட்டை நெனச்சுத் தலைவர் தூக்கமில்லாமத் தவிச்சப்போ, அவரோட நகம் பட்ட தடம் இது." பார்வையாளர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள்.

வீட்டில் கணவர் விடுவதாக இல்லை. "என் மாமனார் நாற்காலியப் பாத்து அமைச்சரே அழுதுட்டாரு. அவரு உசுரோட இருந்தப்போ நான்கூட அழுததில்ல."

"வாய மூடிட்டுச் சாப்பிடுங்க. நாற்காலி வரும்."

வருவதற்கு ஒரு வழியும் பிறந்தது. காட்சிப் பொருள்கள் அசல்தானா என்று பார்க்கப் போன மாதம் நிபுணர் குழு வந்தது. ஒரு வருடமாக ஆவணக்கா மனதுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்த பதிலுக்கு நேரம் வந்தது. "இந்த நாற்காலியைப் பத்தி உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்று குழுத் தலைவரே கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற இயக்குநரின் நெற்றி குளிர்சாதனத்தையும் மீறி வேர்த்தது.

"ரொம்ப நடந்தவர் உக்காந்த நாற்காலி சார்" என்றார் ஆவணக்கா. குழு அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டது.

"அடிப்பாவி, உங்கப்பா நாற்காலின்னு சொல்றதுக்கு என்ன கேடு?" என்று கொதித்தார் கணவர்.

"சொன்னா வண்டி வெச்சு வீட்டுல கொண்டாந்து இறக்குவாங்களா? போலின்னு சீட்டு ஒட்டிக் கிடங்குல தள்ளுவாங்க. கரையான் மிச்சத்தப் பாத்துக்கும். மேல ஏசி இருக்கு. அப்பாவுக்கு வேர்க்காது." சொல்லிவிட்டு, அவர் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோற்றைத் தட்டில் போட்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

சென்ற வாரம், வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விடுப்பில் வந்தவள் தாத்தா நாற்காலியைப் பார்த்தே தீருவேன் என்றாள். அழைத்துக்கொண்டு மேலே போனார். கூட்டத்துக்கு நடுவில் வழிகாட்டி நகம் பட்ட கதையை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா, இது என்னோட காம்ப…" என்று ஆரம்பித்தவள், கயிற்றைத் தாண்டிக் கைப்பிடியைத் தொடக் கையை நீட்டினாள்.

அந்தக் கையின் மேல், கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி, பட்டென்று ஒரு அடி வைத்தார் ஆவணக்கா.