எங்கள் இருவரையும் ஒரே படத்தில் நிறுத்தினார்கள்

இங்கிலாந்துக்கு வந்து இத்தனை காலமாகியும், ஆய்வகத் தலைவரை ‘மார்ட்டின்’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது என் நாக்கு தயங்கும். அறுபது வயதுக்காரர். போடியில் வாத்தியார் பெயரை அவர் இல்லாத இடத்தில்கூட நாங்கள் சொன்னதில்லை. இங்கே தரை துடைப்பவரும் அவரை மார்ட்டின் என்றுதான் அழைக்கிறார். சமம் என்றால் இதுதான் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

மரபணு ஆய்வு எங்கள் வேலை. உலகத் தரவுகளில் தென்னிந்தியர்கள் மிகக் குறைவு. அதனால் நம் ஆட்களின் பரம்பரை நோய்களுக்குக் காரணம் பிடிபடாமலே போகிறது. அந்தக் குறையைத் தீர்க்கும் திட்டத்தை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அதற்குத் தலைமையேற்க ஒரு தமிழர் வருகிறார் என்றதும் வாசலுக்கே போய் வரவேற்றேன்.

“நீங்க போடியா? நமக்குத் தேனிதான்! போடியில எங்க?”

“ஸ்டேஷனுக்குப் பின்னாடி சார். காலனி.”

“ஓ,” என்றார். சிரிப்பு அப்படியே இருந்தது. பார்வை மட்டும் விலகிவிட்டது. அதன்பிறகு அவர் என்னிடம் தமிழில் பேசவில்லை. என் பகுப்பாய்வு வேறொருவர் கைக்குப் போனது. கூட்டங்களுக்கு அழைப்பு வருவது நின்றது. ஒரு மதியம், “கோட்டாவில் வந்தவர்களுக்குப் புள்ளியியல் கொஞ்சம் சிரமம்தான்” என்று யாரிடமோ ஆங்கிலத்தில் சொன்னார், எனக்குக் கேட்கும்படியாக.

நிறுவனத்தில் சமத்துவத்துக்கும் பன்மைத்துவத்துக்கும் தனிக் குழு உண்டு. பொறுப்பாளர் ஹெலன் நல்ல மனுஷி. நான் அழுதபோது தண்ணீர் கொடுத்தார்.

“ஆனால் நீங்கள் இருவருமே இந்தியர்கள்தானே?”

“சாதி,” என்றேன்.

“ஓ, மதப் பிரச்சினையா?”

கல்லூரியில் நடந்ததைச் சொன்னேன். இரத்த வகை பார்க்கும் செய்முறை வகுப்பு அது. இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருத்தி விரலை மற்றவள் பிடித்துக் குத்த வேண்டும். என் ஜோடிக்காரி என் விரலைப் பிடிக்கவில்லை. ஊசியை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். நானே குத்திக்கொண்டேன். ஹெலனின் கண் கலங்கியது. இவருக்குப் புரிந்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. திட்டத் தலைவரும் நானும் சேர்ந்து ஆய்வகத்துக்கு ஒரு தமிழ் உணவு விழா நடத்தினால் மனத்தாங்கல் தீருமே என்று எழுதியிருந்தார். விழா நடந்தது. அவரையும் என்னையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, ‘எங்கள் பன்மைத்துவம்’ என்று இணையதளத்தில் போட்டார்கள். படத்தில் நானும் சிரிக்கிறேன்.

என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அதோடு விசாவும் முடிகிறது. குழுவோடு நான் ஒட்டவில்லை என்பது காரணம். மார்ட்டினிடம் கேட்டேன். வருத்தப்பட்டார், ஆனால் அது திட்டத் தலைவரின் உரிமை என்றார். இணையதளத்திலிருந்து அந்தப் படத்தை இன்னும் நீக்கவில்லை.

விடுப்பில் ஊருக்கு வந்தேன். வேலை போவதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஏலக்காய் எடுக்கப் போகும் அவளோடு ஒருநாள் போடிமெட்டு ஜீப்பில் ஏறினேன். எதிரே பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா.

“எம்மக பன்னெண்டாவது படிக்கிறா. அவளையும் உன்னய மாதிரி அங்கிட்டு அனுப்பிரணும்னு இருக்கேன். அங்க சாதியெல்லாம் பாக்க மாட்டாகள்ல ஆத்தா?”

அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

“பாக்க மாட்டாங்கக்கா.”

“அப்பச் சரி. வெரசா அனுப்பிர வேண்டியதுதான்.”

கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு திரும்பியது. கீழே வெயிலில் போடி, மேலே ஒன்றும் தெரியாத மூடுபனி. நெருக்கும் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து, இனி எனக்கு இடமில்லாத ஒரு நாட்டைப் பற்றி அவர்கள் கேட்டதற்கெல்லாம் நல்லவிதமாகவே பதில் சொல்லிக்கொண்டு போனேன்.