பாச்சா வாங்கிவந்த ஆட்டு மூளை

பாச்சாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. பரவாயில்லை, எழுதித் தொலைக்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்த வைஷ்ணவர் அவர். மீன் விற்கும் தெருவைக் கண்டால் சுற்றுவழியில் போகிற குடும்பம். அப்படிப்பட்டவர், 2008இல், தினமும் காலை ஏழு மணிக்குக் கண்ணாயிரத்தின் கறிக்கடை வாசலில் ஐஸ் பெட்டியோடு நின்றார். ஆட்டு மூளை வாங்க.

"இன்னா சாமி, மூக்கை மூடிக்கினு நிக்கிற? வறுத்துத் தரட்டா?" என்று கண்ணாயிரம் சீண்டுவார். பாச்சா வாயே திறக்க மாட்டார். திறந்தால் வாந்தி வந்துவிடும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி. அதில் டாக்டர் திருஞானசம்பந்தத்தின் ஆய்வுக்கூடம். பாச்சா அங்கே உதவியாளர். தென்னேரிக்காரி ஜெயப்ரியாவாகிய நான் ஆராய்ச்சி மாணவி. மூளையில் சேரும் கழிவை அகற்ற ஒரு நொதி உண்டு. அது மந்தமானால் நரம்பு கெட்டுக் கை நடுங்கும் நோய் வரலாம். அதை முடுக்கிவிடும் மருந்து ஏதாவது மூலிகையில் இருக்கிறதா என்று தேடினோம். மூளையை அரைத்து வடித்த நீரைத் தட்டின் சிறு குழிகளில் விடுவோம். குழிக்கு ஒரு மூலிகைச் சாறு. கூடவே, நொதி வேலை செய்தால் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும் ஒரு கரைசல். எந்தக் குழி அதிகம் ஒளிர்கிறதோ அதில் மருந்து இருக்கலாம். மூளை சேர்க்காமல் ஒரு வரிசை வைத்து ஒப்பிடுவதுதான் முறை. நேரம் வீண் என்று டாக்டர் அதை நிறுத்தியிருந்தார்.

அரைக்கும்போது கிளம்பும் நாற்றத்தில் நிற்க முடியாது. கறி தின்று வளர்ந்த எனக்கே அப்படி. பாச்சா சகித்ததற்குக் காரணம் அவருடைய அண்ணா தேசிகன். அவருக்கு அந்த நோய்தான். கோயிலில் உள்ளங்கையில் வாங்கும் தீர்த்தம் வாய்க்குப் போவதற்குள் சிந்திவிடும். பக்கத்தில் நிற்பவர்கள் நகர்ந்துகொள்வார்கள்.

இருநூற்றுப் பதினேழாவது சாறு வில்வப் பட்டை. குழி நீலமாய்ப் பளீரென்றது. டாக்டர் குதித்தார். தேசிகனுக்கு அதைக் கஷாயமாகக் கொடுக்கச் சொன்னார். பலன் சுத்தமாகத் தெரிய வேண்டுமாம், நரம்பு மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். மனிதன் செய்கிற காரியமா? பாச்சா நம்பினார். அண்ணாவின் மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்து வீட்டு மரப்பெட்டியில் பூட்டினார்.

ஒரு மாதம் கழித்து மகாவீர் ஜெயந்தி வந்தது. அன்று ஊரில் கறிக்கடை திறக்கக் கூடாது. பாச்சா வெறும் ஐஸ் பெட்டியோடு வந்தார்.

"ஒரு நாளாவது அந்தக் கண்றாவி இல்லாம பண்ணிப் பார்ப்போமே" என்று மூளைக்குப் பதில் வெறும் நீரை விட்டார். இருநூற்றுப் பதினேழு அதே நீலத்தில் ஒளிர்ந்தது. சாறு தானாகவே ஒளிர்கிற சாறு. நொதியை அது ஒன்றும் செய்யவில்லை.

தட்டை ஏந்திக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். டாக்டர் புற ஊதா விளக்கில் பார்த்துவிட்டு அதை அணைத்தார்.

"உங்களை யார் இதைச் செய்யச் சொன்னது? நாளன்னிக்கு இந்த மருந்துக்குக் காலேஜ்ல பாராட்டு விழா. ஜெயப்ரியா, இதை நோட்டுல ஏத்தாதேம்மா."

நான் ஏற்றவில்லை. என் பட்டம் அவர் கையெழுத்தில் இருந்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பு.

விழா அன்று, மருந்தால் தேறியவர் என்று தேசிகனை மேடையேற்ற அழைத்து வரும்படி கல்லூரி வண்டியில் என்னை அனுப்பினார்கள். தேசிகன் குளித்து, நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு தயாராக இருந்தார். நாமம் கோணலாக இருந்தது. பாச்சா என் முகத்தைப் பார்க்காமல் அண்ணாவிடம் போனார்.

"அண்ணா, அந்தக் கஷாயத்துல ஒண்ணுமே இல்லை. சார் பொய் சொல்றார். ரெண்டு நாளா தெரிஞ்சும் சொல்ல வாய் வரலை."

"எனக்கு மொதல் வாரமே தெரியும்டா. கை மோசமாத்தானே ஆச்சு."

"பின்னே ஏன் குடிச்சேள்?"

"நீ தினம் கறிக்கடை வாசல்ல போய் நின்னுட்டு வரே. அது வீண்னு நான் எப்படிடா சொல்லுவேன்?"

பாச்சா தேம்பி அழுதார். பிறகு பெட்டியைத் திறந்து மாத்திரையை எடுத்து வந்து அண்ணாவின் நாக்கில் வைத்தார். தண்ணீர் டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டார்.

"நீ கிளம்பும்மா" என்றார் என்னிடம். "எங்காத்துலேர்ந்து யாரும் வரமாட்டான்னு அந்த மனுஷன்கிட்ட சொல்லு. நானும் வேலைக்கு வரலை."

காலி வண்டியில் திரும்பினேன். நோயாளிக்கு உடம்பு சரியில்லை என்று மேடையில் அறிவித்தார்கள். டாக்டருக்குப் பூச்செண்டு கொடுக்க ஒரு மாணவி வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். சிரித்தேன் கூட.

நான் பூச்செண்டு கொடுக்கும் அந்தப் புகைப்படம் தென்னேரி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. கழற்றிவிடுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அப்பா கேட்பதில்லை.